சிறிய நாடும் இராணுவக் கூட்டும்: இலங்கை சென்ற பாதை (1947 – 1976)

க.பொ.த. (சாதாரண தரம்) – வரலாறு
பாடப்பரப்பு: சுதந்திர இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• 1947 ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்படிக்கை ஏன் கைச்சாத்திடப்பட்டது என்பதை விளக்குவீர்கள்.
• இலங்கை சீட்டோ அமைப்பில் சேராமைக்கான காரணங்களைக் கூறுவீர்கள்.
• 1957 இல் தளங்கள் திரும்பப் பெறப்பட்டமையின் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டுவீர்கள்.
• அணிசேராமைக்கும் நடுநிலைமைக்கும் இடையிலான வேறுபாட்டை இனங்காண்பீர்கள்.

1. அறிமுகம்



எமது தோட்டவெளியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நடுவிலே இரண்டு பரப்புக் காணி உள்ள ஒருவர் இருக்கிறார். காணி சிறியதுதான். ஆனால் அவருடைய கிணறு கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு. இரு பக்கத்திலும் பெரிய காணிக்காரர் இருவர். அவர்களுக்குள் தீராத பகை. ஒருவர் வந்து, “உமது வேலியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனது இறைப்பு மெசினை உமது கிணற்றடியில் வைக்க விடும்” என்கிறார். சம்மதித்தால் வேலிக்குக் காவல் உண்டு. ஆனால் மற்றவர் அன்றிலிருந்து இவரை எதிரியின் ஆளாகவே பார்ப்பார். மறுத்தாலோ வேலியைத் தாமே காக்கவேண்டும்.

சுதந்திரம் பெற்ற வேளையில் இலங்கை இருந்த நிலை ஏறத்தாழ இதுவே. இங்கே கிணறு என்பது திருகோணமலைத் துறைமுகம். பெரிய காணிக்காரர் இருவரும் கெடுபிடி யுத்த கால வல்லரசு அணிகள்.

சென்ற தவணையில் இப்பகுதியைக் கற்பித்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ரீச்சர், தனிய நிண்டால் அடிப்பாங்கள், சேர்ந்து நிண்டால் சொல்லுக் கேக்கச் சொல்லுவாங்கள். அப்ப சின்ன நாடு என்னதான் செய்யிறது?” நல்ல வினா. பரீட்சைத் தாளில் இது வேறு வார்த்தைகளில் வரும். இதற்கு விடை காண மூன்று துணை வினாக்களை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

(1) அந்த நாடு எதைப் பெற்றது?
(2) எதைக் கொடுத்தது?
(3) கொடுத்ததைத் திரும்பப் பெற வழி இருந்ததா?

இப்பாடம் முழுவதையும் இம்மூன்று வினாக்களைக் கொண்டே படிப்போம்.

2. அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

கெடுபிடி யுத்தம்: இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின் ஐக்கிய அமெரிக்கா தலைமையிலான முதலாளித்துவ அணிக்கும் சோவியத் ஒன்றியம் தலைமையிலான சமவுடைமை அணிக்கும் இடையே நிலவிய பகைநிலை. இரு வல்லரசுகளும் நேரடியாக மோதிக்கொள்ளவில்லை. நட்பு நாடுகள், ஆயுதங்கள், பொருளுதவி, பிரசாரம் ஆகியவற்றின் மூலம் போட்டியிட்டன.

இராணுவக் கூட்டு: தாக்குதல் ஏற்படும்போது ஒன்றுக்கொன்று உதவுவதாக நாடுகள் எழுத்தில் செய்துகொள்ளும் ஏற்பாடு. 1949 ஏப்ரல் 4 இல் 12 நாடுகள் உருவாக்கிய வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பு (நேட்டோ) இதற்குச் சிறந்த உதாரணம். ஓர் உறுப்பு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லா உறுப்பு நாடுகளின் மீதான தாக்குதலாகவே கருதப்படும் என்பது அதன் 5 ஆம் உறுப்புரை. சொந்தத் தரைப்படை இல்லாத ஐஸ்லாந்தும் அதன் ஆரம்ப உறுப்பினராக இருந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் அந்நாடு அமைந்திருந்த இடமே அதற்குக் காரணம்.

நடுநிலைமை: யுத்தத்தில் எப்பக்கமும் சேராதிருத்தல். சுவிற்சர்லாந்து இதற்கு உதாரணம்.

அணிசேராமை: இராணுவ அணிகளில் சேராமல், ஒவ்வொரு பிரச்சினையிலும் தன் நிலைப்பாட்டைத் தானே தீர்மானித்தல். அணிசேரா நாடு மௌனமாக இருக்கும் நாடு அன்று. காலனித்துவம், நிறவெறி, அணு ஆயுதப் போட்டி போன்றவற்றைப் பற்றி அது வெளிப்படையாகப் பேசும்.

3. திருகோணமலையின் முக்கியத்துவம்

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஆழமானது, நிலத்தால் சூழப்பட்டது. இந்து சமுத்திரத்தின் நடுவே கிழக்கு மேற்குக் கப்பற் பாதைக்கு அருகில் உள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் ஆகிய நால்வரும் இதன்மீது கண்வைத்தமைக்குக் காரணம் இதுவே.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அதன் பின் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவின் பிரதான கடற்படைத் தளங்களுள் ஒன்றாகத் திருகோணமலை விளங்கியது. விளைவு என்ன? 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பும் ஏப்ரல் 9 இல் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. ஏப்ரல் 9 இல் “ஹேர்மிஸ்” என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

இதிலிருந்து இரு உண்மைகள் புலப்படுகின்றன. தளம் காவலைத் தரும். அதேவேளை தளமே எதிரியின் குண்டையும் அழைத்துவரும்.

எமக்கு அண்மையிலுள்ள பலாலி விமானத்தளமும் அந்த யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப்படையினால் அமைக்கப்பட்டதே. 2019 ஒக்டோபரில் அங்கு யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது.

4. பாதுகாப்பு உடன்படிக்கை – 1947

1947 நவம்பர் 11 இல் பிரித்தானியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மூன்று உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. அவை:

1. பாதுகாப்பு உடன்படிக்கை
2. வெளிநாட்டலுவல்கள் உடன்படிக்கை
3. அரசாங்க உத்தியோகத்தர் உடன்படிக்கை

இலங்கையின் சார்பில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க கைச்சாத்திட்டார். 1948 பெப்ரவரி 4 இல், அதாவது சுதந்திர தினத்தன்று, அவை நடைமுறைக்கு வந்தன.

பாதுகாப்பு உடன்படிக்கையின் முக்கிய அம்சங்கள்:
• வெளித்தாக்குதலில் இருந்து பாதுகாப்பதற்கு இரு நாடுகளும் பரஸ்பர நலனுக்கேற்ப இராணுவ உதவி வழங்கும்.
• இதற்கு வேண்டிய கடற்படையையும் விமானப்படையையும் தரைப்படையையும் பிரித்தானியா இலங்கையில் வைத்திருக்கலாம். ஆனால் அது இரு தரப்பும் இணங்கிக்கொண்ட அளவிலேயே அமையும்.
• உடன்படிக்கை முடிவடையும் திகதி எதுவும் குறிப்பிடப்படவில்லை.

சேனநாயக்க ஏன் இணங்கினார்?
(அ) அன்று இலங்கையிடம் முறையான சொந்தப் படை இருக்கவில்லை. இலங்கைத் தரைப்படை 1949 இலும் கடற்படை 1950 இலும் விமானப்படை 1951 இலுமே உருவாக்கப்பட்டன.
(ஆ) பெரிய அயல்நாடான இந்தியா பற்றிய அச்சம் அவருக்கு இருந்தது.
(இ) உலகில் சமவுடைமை பரவுவதை அவர் விரும்பவில்லை.
(ஈ) தளங்கள் பற்றிய உறுதியை வழங்கினால் சுதந்திரம் விரைவாகக் கிடைக்கும் எனக் கருதினார்.

எமது முதலிரு வினாக்களுக்கும் விடை இங்கே உண்டு. இலங்கை பெற்றவை சுதந்திரமும் பாதுகாப்பு உறுதியுமாகும். கொடுத்தவை திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் ஆகும். மூன்றாவது வினாவுக்கு உரிய சொல் “இணக்கம்” என்பது. திகதி இல்லாவிடினும் இணக்கம் என்ற சொல் உடன்படிக்கையில் இருந்தது. பத்தாண்டுகளின் பின் பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டது அச்சொல்லே.

5. கொடுத்த விலை

இடதுசாரிக் கட்சிகள் இதனைப் போலிச் சுதந்திரம் எனக் கண்டித்தன. அந்நியப் படை நிலைகொண்டிருக்கும் நாடு எவ்வாறு சுதந்திர நாடாகும் என்பது அவர்களின் வாதம்.

இதே வாதத்தைச் சோவியத் ஒன்றியமும் முன்வைத்தது. 1948 இல் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்புரிமைக்கு இலங்கை விண்ணப்பித்தபோது, பாதுகாப்புச் சபையில் சோவியத் ஒன்றியம் தனது வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தது. இலங்கை உண்மையான சுதந்திர நாடு என்பது ஐயத்துக்குரியது என அது கூறியது. ஏழாண்டுகள் காத்திருந்த பின், 1955 டிசம்பர் 14 இல் மேலும் 15 நாடுகளுடன் சேர்த்தே இலங்கை அனுமதிக்கப்பட்டது.

குறிப்பு: சோவியத் ஒன்றியத்தின் தடைக்கு உடன்படிக்கை மட்டுமே காரணம் என எழுதவேண்டாம். அக்காலத்தில் இரு அணிகளும் மறுதரப்புக்குச் சார்பான நாடுகளின் விண்ணப்பங்களைத் தடுத்து வந்தன. ஆயினும் அத்தடைக்கு உடன்படிக்கை ஒரு வாய்ப்பான காரணத்தைக் கொடுத்தது.

6. இறப்பர் – அரிசி ஒப்பந்தம் (1952)

கொரிய யுத்தம் காரணமாக உயர்ந்திருந்த இறப்பர் விலை பின்னர் வீழ்ந்தது. அதேவேளை அரிசி விலை உயர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிடமிருந்து சாதகமான உதவி கிடைக்கவில்லை. இந்நிலையில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் 1952 டிசம்பரில் சீன மக்கள் குடியரசுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. அதன்படி வருடாந்தம் 270,000 மெற்றிக் தொன் அரிசியைச் சீனா வழங்கவும் 50,000 மெற்றிக் தொன் இறப்பரை இலங்கை வழங்கவும் இணக்கம் காணப்பட்டது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க இதில் முன்னின்றார்.

சமவுடைமை நாடுகளுக்குப் போர்த் தேவைக்கான பொருள்களை விற்கும் நாட்டுக்கு உதவி வழங்குவதை ஐக்கிய அமெரிக்கச் சட்டம் தடுத்தது. எனவே இலங்கைக்கு அமெரிக்கப் பொருளாதார உதவி சில வருடங்கள் கிடைக்கவில்லை.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது: பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறையில் இருந்தபோதே, மேற்கு நாடுகளுக்குச் சார்பான ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் இதனைச் செய்தது. மக்களின் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் கூட்டு உறவு இரண்டாம் இடத்தையே பெற்றது.

7. சீட்டோவின் அழைப்பு (1954)

1953 ஒக்டோபரில் சேர் ஜோன் கொத்தலாவல பிரதமரானார். அவர் சமவுடைமைக்குக் கடும் எதிர்ப்பாளர். 1954 இல் இந்தோசீனாவுக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச்சென்ற அமெரிக்க விமானங்கள் இலங்கையில் தரித்துச்செல்ல அவரது அரசாங்கம் அனுமதித்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கூடினர். இவை “கொழும்பு வல்லரசுகள்” என அழைக்கப்பட்டன. வல்லரசு என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அவை யாவும் புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளே.

1954 செப்டெம்பர் 8 இல் மணிலாவில் தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு (சீட்டோ) உருவாக்கப்பட்டது. உறுப்பு நாடுகள் எட்டு: ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, பாகிஸ்தான். கொழும்பு வல்லரசுகள் ஐந்துக்கும் அழைப்பு விடுக்கப்பட்டது. பாகிஸ்தான் மட்டுமே சேர்ந்தது. இலங்கை சேரவில்லை.

மேற்குச் சார்பான கொத்தலாவல ஏன் சேரவில்லை?
• அயல்நாடான இந்தியா இராணுவக் கூட்டுகளைக் கடுமையாக எதிர்த்தது.
• நாட்டினுள்ளே இடதுசாரிகளும் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் கட்சியும் எதிர்த்தன.
• பிரித்தானியாவுடன் ஏற்கனவே உடன்படிக்கை இருந்தமையால் புதிய கூட்டு அவசரத் தேவையாக இருக்கவில்லை.
• சீனாவுடனான அரிசி வர்த்தகம் நடைபெற்றுக்கொண்டிருந்தது.

1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய ஆபிரிக்க நாடுகள் கூடின. அங்கே கொத்தலாவல, மேற்கு நாடுகளின் காலனித்துவத்தைக் கண்டிப்பதுபோல் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியத்தின் ஆதிக்கத்தையும் கண்டிக்கவேண்டும் எனப் பேசினார். இப்பேச்சு நேருவுக்கு அதிருப்தியை ஏற்படுத்தியது. கூட்டில் சேராத நாடுகளிடையேயும் கருத்து ஒருமைப்பாடு எளிதன்று என்பதை இது காட்டுகின்றது.

8. தளங்கள் திரும்புகின்றன (1956 – 1957)

1956 பொதுத்தேர்தலில் பண்டாரநாயக்க தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி வெற்றியீட்டியது. பண்டாரநாயக்க 1947 அமைச்சரவையிலும் அமைச்சராக இருந்தவர். 1951 இல் விலகி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆரம்பித்தவர். எந்த அணியிலும் சேராத நாட்டில் அந்நியத் தளங்கள் இருக்கமுடியாது என்பது அவரது நிலைப்பாடு.

1956 இல் லண்டனில் நடைபெற்ற பொதுநலவாயப் பிரதமர் மாநாட்டின்போது அவர் இதனைப் பிரித்தானியாவிடம் எடுத்துரைத்தார். பேச்சுவார்த்தைகள் 1957 ஜூன் மாதக் கடிதப் பரிமாற்றத்துடன் நிறைவெய்தின.

• 1957 ஒக்டோபர் 15 – திருகோணமலைக் கடற்படைத் தளம் கையளிக்கப்பட்டது.
• 1957 நவம்பர் 1 – கட்டுநாயக்க விமானத்தளம் கையளிக்கப்பட்டது.

தளங்கள் பலவந்தமாகப் பறிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சில வசதிகளைக் குறித்த காலத்துக்குப் பயன்படுத்தப் பிரித்தானியாவுக்கு இடமளிக்கப்பட்டது. இலங்கை பொதுநலவாயத்திலும் தொடர்ந்திருந்தது. 1957 இல் சோவியத் ஒன்றியத்துடனும் சீனாவுடனும் இராஜதந்திர உறவுகள் ஏற்படுத்தப்பட்டன. இரு காணிக்காரருடனும் பேசிப் பழகும் நிலைக்கு இரண்டு பரப்புக்காரர் வந்துவிட்டார் எனலாம்.

பிரித்தானியா பின்னர் மாலைதீவின் கன் தீவிலுள்ள விமானத்தளத்தைப் பயன்படுத்தியது. 1976 இல் அங்கிருந்தும் வெளியேறியது. ஒரு சிறிய நாடு மறுத்தால் வல்லரசு அடுத்த தீவைத் தேடும்.

இதற்கு மிகவும் வேதனையான உதாரணம் டியாகோ கார்சியா. 1966 இல் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் இத்தீவு பற்றி உடன்பாடு செய்தன. அங்கு வாழ்ந்த மக்களிடம் எவரும் விருப்பம் கேட்கவில்லை. 1973 ஆம் ஆண்டளவில் அவர்கள் யாவரும் அகற்றப்பட்டனர். அங்கே அமெரிக்கத் தளம் எழுந்தது. கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கத் தமக்கென ஓர் அரசு இல்லாத மக்களுக்கு நேர்ந்த கதி அது.

9. அணிசேரா இயக்கமும் இலங்கையும்

1961 செப்டெம்பர் – யூகோசிலாவியாவின் தலைநகர் பெல்கிரேட்டில் முதலாவது அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு. 25 நாடுகள் பங்குபற்றின. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கலந்துகொண்டார்.

1962 டிசம்பர் – இந்திய சீன எல்லை யுத்தத்தின் பின் சமரசம் காண்பதற்கு ஆறு நாடுகளின் மாநாட்டை அவர் கொழும்பில் கூட்டினார். பிணக்கை அம்மாநாட்டினால் தீர்க்க முடியவில்லை. ஆயினும் இரு தரப்பும் ஒரு சிறிய நாட்டின் தூதைச் செவிமடுத்தன.

1971 டிசம்பர் 16 – இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனப்படுத்தும் தீர்மானம் இலங்கையின் முன்முயற்சியால் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை. எனினும் ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா என்பன வாக்களிப்பில் இருந்து விலகிக்கொண்டன.

1976 ஓகஸ்ட் 16 – 19 – ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடைபெற்றது. இம்மண்டபம் சீன உதவியுடன் கட்டப்பட்டு 1973 இல் திறக்கப்பட்டது.

இலங்கை சேராதுவிட்ட சீட்டோ அமைப்பு 1977 இல் கலைக்கப்பட்டது.

10. மறுபாதையில் சென்ற ஒரு சிறிய நாடு: மொன்டிநீக்ரோ

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பாவின் ஒரு நாட்டை எடுப்போம். மொன்டிநீக்ரோவின் சனத்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையும் 6 இலட்சத்தை அண்மித்ததாகவே இருந்தது. எமது மாவட்டத்தளவு மக்களைக் கொண்ட நாடு என நினைவிற் கொள்க.

அது முன்னர் யூகோசிலாவியாவின் ஒரு பகுதி. 1999 இல் கொசோவோ பிரச்சினையின்போது நேட்டோ விமானங்கள் யூகோசிலாவியா மீது குண்டு வீசின. மொன்டிநீக்ரோவிலும் குண்டுகள் விழுந்தன. பதினெட்டு வருடங்களின் பின் அதே நேட்டோவில் அந்நாடு உறுப்பினராகியது. படிமுறை பின்வருமாறு:

• 2006 மே – சர்வசன வாக்கெடுப்பு. பிரிந்து செல்ல 55 வீதம் தேவைப்பட்டது, 55.5 வீதம் கிடைத்தது.
• 2006 டிசம்பர் – நேட்டோவின் சமாதானத்துக்கான பங்காளித்துவத் திட்டத்தில் இணைவு.
• 2009 டிசம்பர் – உறுப்புரிமைக்கான செயற்றிட்டத்தில் சேர்ப்பு.
• 2015 டிசம்பர் – உறுப்பினராகும்படி அழைப்பு.
• 2017 ஏப்ரல் – பாராளுமன்ற அங்கீகாரம். 81 உறுப்பினர்களுள் 46 பேர் ஆதரித்தனர். எதிர்க்கட்சியினர் பகிஷ்கரித்தனர்.
• 2017 ஜூன் 5 – 29 ஆவது உறுப்பு நாடு.

பெற்றது 5 ஆம் உறுப்புரையின் பாதுகாப்பு. கொடுத்தவை: ஆப்கானிஸ்தானுக்குப் படையினரை அனுப்பியமை, பாதுகாப்புச் செலவை உயர்த்தும் கடப்பாடு, ரஷ்யாவின் அதிருப்தி. உள்நாட்டிலும் மக்கள் இரண்டுபட்டனர். திரும்பப் பெற வழி உண்டா? நேட்டோ ஒப்பந்தத்தின் 13 ஆம் உறுப்புரையின்படி ஒரு வருட முன்னறிவித்தலுடன் விலகலாம்.

அணிசேரா இயக்கத்தின் முதல் உச்சி மாநாடு நடந்த யூகோசிலாவியா இன்று இல்லை. அதன் ஆறு குடியரசுகளுள் சுலோவீனியா (2004), குரோஷியா (2009), மொன்டிநீக்ரோ (2017), வட மசிடோனியா (2020) ஆகிய நான்கு நேட்டோவில் சேர்ந்துவிட்டன. நீண்டகாலம் கூட்டில் சேராதிருந்த பின்லாந்தும் (2023) சுவீடனும் (2024) ரஷ்யா உக்ரேனின் மீது 2022 இல் படையெடுத்த பின் சேர்ந்தன. ஆகவே ஒரு நாட்டின் தெரிவு என்றைக்கும் மாறாதது அன்று. அயலின் நிலைமை மாறும்போது தெரிவும் மாறும்.

11. மதிப்பீடு

அணிசேராமை இலங்கைக்குப் பயனளித்ததா? இரு பக்கத்தையும் எழுதப் பழகுங்கள்.

பயன்: 1971 கிளர்ச்சியின்போது பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், இந்தியா, பாகிஸ்தான், யூகோசிலாவியா, எகிப்து ஆகிய நாடுகள் அரசாங்கத்துக்கு உதவின. ஒன்றுக்கொன்று பகையான நாடுகள் ஒரே வேளையில் உதவியமை குறிப்பிடத்தக்கது.

எல்லை: அயலிலுள்ள பெரிய நாட்டின் செல்வாக்கை அணிசேராமை நீக்கவில்லை. 1987 ஜூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலை உட்பட இலங்கைத் துறைமுகங்கள் இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்கப்படமாட்டா என உறுதியளிக்கப்பட்டது. நாற்பது வருடங்களின் பின்னரும் பேச்சு அதே கிணற்றைப் பற்றியதாகவே இருந்தது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். வெளியில் எந்த அணியிலும் சேராத நாட்டுக்கு உள்ளே சமாதானம் தானாக வந்துவிடாது. வெளிநாட்டுக் கொள்கை வேலியைப் பற்றியது. வீட்டினுள் உள்ளவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்துகிறார்கள் என்பது வேறு பாடம். அதையும் இதே வரலாற்று நூலிலேயே படிக்கிறோம்.

12. மாணவர்கள் வழமையாக விடும் தவறுகள்

• “இலங்கை 1948 இல் ஐ.நா. உறுப்பினரானது” – பிழை. 1955.
• “இலங்கை சீட்டோவில் சேர்ந்து பின்னர் விலகியது” – பிழை. சேரவே இல்லை.
• “பாண்டுங் மாநாட்டில் பண்டாரநாயக்க பிரதமராகக் கலந்துகொண்டார்” – பிழை. அப்போது பிரதமர் கொத்தலாவல.
• “1956 இல் தளங்கள் கையளிக்கப்பட்டன” – பிழை. கோரிக்கை 1956, கையளிப்பு 1957.
• “அணிசேராமை என்றால் நடுநிலைமை” – பிழை. பகுதி 2 ஐப் பார்க்க.

13. மாதிரி வினாவும் விடையும்

(அ) 1957 இல் பிரித்தானியா கையளித்த தளங்கள் இரண்டைப் பெயரிடுக. (2 புள்ளிகள்)
விடை: திருகோணமலைக் கடற்படைத் தளம், கட்டுநாயக்க விமானத்தளம்.

(ஆ) 1947 பாதுகாப்பு உடன்படிக்கைக்கு டி. எஸ். சேனநாயக்க இணங்கியமைக்கான காரணங்கள் இரண்டைக் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)
விடை: சொந்தப் படை இன்மை, அயல்நாடு பற்றிய அச்சம். (பகுதி 4 இலுள்ள வேறு காரணங்களும் ஏற்கப்படும்.)

(இ) அவ்வுடன்படிக்கையினால் இலங்கை எதிர்நோக்கிய பிரச்சினைகள் இரண்டை விளக்குக. (6 புள்ளிகள்)
விடை: முதலாவது, இலங்கையின் சுதந்திரம் பூரணமானதா என்ற ஐயம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எழுந்தது, 1948 இல் சோவியத் ஒன்றியம் ஐ.நா. உறுப்புரிமையைத் தடுத்தபோது இதனையே காரணம் காட்டியது. இரண்டாவது, அந்நியத் தளங்கள் இருந்தமையால் வல்லரசு யுத்தம் ஒன்று ஏற்பட்டால் நாடும் தாக்குதலுக்கு உள்ளாகும் அபாயம் இருந்தது. 1942 குண்டுவீச்சு இதற்கு முன்னுதாரணம்.

(ஈ) “சிறிய நாடு ஒன்று இராணுவக் கூட்டில் சேர்வதே அதன் பாதுகாப்புக்கு உகந்தது.” இக்கூற்றை இலங்கையின் அனுபவத்தைக் கொண்டு மதிப்பிடுக. (8 புள்ளிகள்)

விடை எழுதும் முறை: ஆதரவாக இரு கருத்துகள் (படை இன்மை, வல்லரசின் உறுதி), எதிராக இரு கருத்துகள் (1948 தடை, தளங்களால் வரும் அபாயம்), பின்னர் உங்கள் முடிவு. ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஆண்டும் ஒரு நிகழ்ச்சியும் இருத்தல் வேண்டும். முடிவு எழுதாத விடைக்கு முழுப் புள்ளி கிடையாது. முடிவு எந்தப் பக்கமாகவும் இருக்கலாம், காரணம் இருக்கவேண்டும்.

14. சுயமதிப்பீட்டு வினாக்கள்

1. பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த திகதி யாது?
2. கொழும்பு வல்லரசுகளுள் சீட்டோவில் சேர்ந்த நாடு எது?
3. முதலாவது அணிசேரா உச்சி மாநாடு நடைபெற்ற நகரம் எது?
4. இறப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்யப்பட்ட காலத்தில் இலங்கையின் பிரதமர் யார்?
5. ஐந்தாவது அணிசேரா உச்சி மாநாடு நடைபெற்ற ஆண்டு யாது?

விடைகள்: 1. 1948 பெப்ரவரி 4; 2. பாகிஸ்தான், 3. பெல்கிரேட், 4. டட்லி சேனநாயக்க, 5. 1976.

15. நிறைவாக

அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். சின்ன நாடு என்ன செய்வது? எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. மொன்டிநீக்ரோ ஒரு வழியிற் சென்றது. இலங்கை முதலில் ஒரு வழியிலும் பின்னர் இன்னொரு வழியிலும் சென்றது. ஆனால் ஒன்று உறுதி. கிணற்றடியில் மெசினை வைக்க விடுவதற்கு முன், அதை எப்போது எடுப்பீர் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்பவர் காணியை இழப்பதில்லை. 1947 இல் திகதி எழுதப்படவில்லை. “இணக்கம்” என்ற சொல் மட்டுமே இருந்தது. அந்த ஒரு சொல்லையும் மக்களின் வாக்கையும் கொண்டு 1957 இல் இரு தளங்கள் திரும்பின.

ஆண்டுகளை மனனம் செய்யுங்கள். அதனுடன் “ஏன்” என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பரீட்சையில் சித்தியடைய வாழ்த்துகள்.